சாவி வேண்டாம், சீட்டு போதும்!

திருவள்ளூரிலிருந்து தினமும் சென்னை சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போகிறவர், சீசன் டிக்கெட் வாங்க ஒரு நாள்தான் கவுண்டரில் நிற்கிறார். அப்புறம் பரிசோதகரிடம் சீட்டைக் காட்டினால் போதும். வீட்டுச் சாவியை யாரும் கேட்பதில்லை!

ஆனால் அதே ஆள் அலுவலகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் என்ன செய்கிறார்? மெயிலுக்கு, ஸ்டோர்ஸுக்கு, கணக்குக்கு என்று கேட்கிற இடத்திலெல்லாம் பாஸ்வேர்டைத் தருகிறார். நினைவில் நிற்காததால் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுகிறார். நாளைக்கு ஒரு தவறான வவுச்சர் பாஸானால் பழி யார் மேல்? வணிகவியல் படிப்பவர்களுக்கு இது வெறும் கம்ப்யூட்டர் விஷயம் இல்லை, தணிக்கை விஷயம்.

இதற்கு விடை ரொம்ப நாளாகவே இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1983-ல் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்தது கெர்பரோஸ். கிரேக்கக் கதையில் பாதாள உலக வாசலைக் காக்கும் நாயின் பெயர்! காலையில் ஒரு முறை பாஸ்வேர்டு. அதுவும் நெட்வொர்க்கில் பயணிக்காது. அதிலிருந்து ஒரு ரகசியச் சாவி அந்தக் கம்ப்யூட்டரிலேயே உருவாகும். மைய சர்வர் முதலில் ஒரு தாய்ச் சீட்டு தரும். அதைக் காட்டி மெயிலுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று தனித்தனிச் சீட்டு வாங்கலாம். ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உண்டு.

ஜாவாவில் இந்த வசதி 2002-ல் வந்த 1.4 பதிப்பிலிருந்தே பாதுகாப்பு நூலகத்துக்குள் இருக்கிறது. விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசாஃப்ட் டொமைன்களிலும் கெர்பரோஸ்தான். ஆக, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டொமைன் வைத்திருக்கும் எந்தத் தொழிற்சாலையிலும் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அப்படியிருக்க, அங்கே போடுகிற ஜாவா மென்பொருளுக்கு மட்டும் தனியாக ஒரு பாஸ்வேர்டு பட்டியல் எதற்கு?

குறைகளும் உண்டு. மைய சர்வர் படுத்தால் புதுச் சீட்டு கிடைக்காது. கடிகாரங்கள் வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் சீட்டு செல்லாது. திருடப்பட்ட சீட்டு கெடு முடியும் வரை ஆபத்துதான். பழைய ஆர்.சி.4 குறியாக்கம் பலவீனமானது என்பதால் 2021-ல் வந்த ஜாவா 17 அதைத் தானாகவே நிறுத்தி வைத்தது.

இருந்தாலும், காலாவதியாகும் சீட்டு தொலைவதும் எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி தொலைவதும் ஒன்றா? புது மென்பொருள் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல், "இது சீட்டை ஏற்குமா?" என்றும் கேட்டுப் பழக வேண்டும்.