சாவியும் பூட்டும்

சாவி எவரிடமோ, காசு அவருடையது என்பது பிட்காயின் போன்ற கம்ப்யூட்டர் நாணயங்களை ஆதரிப்பவர்களின் வாதம். ரகசிய எண்ணை வைத்திருப்பவரைத் தவிர வேறு எவரும் அந்த நாணயத்தைத் தொட முடியாது என்கிறார்கள். இது முழு உண்மையல்ல. கணக்கேட்டை நடத்தும் கம்ப்யூட்டர்காரர்களில் பெரும்பாலோர் ஒரு புதிய விதியை ஏற்றுக்கொண்டால் அதுவே விதியாகிவிடுகிறது. சாவி நம் கையில் இருக்கலாம்; பூட்டை மாற்றும் அதிகாரம் வேறு கைகளில் இருக்கிறது.

2016 ஜூனில், எதீரியத்தில் இயங்கிய 'தி டாவோ' என்ற கூட்டு நிதியின் புரோகிராமில் இருந்த ஓட்டை வழியாக, சுமார் 36 லட்சம் ஈதர் நாணயங்களை ஓர் ஆசாமி கடத்திவிட்டார். ஜூலை 20-ந் தேதி விதியையே திருத்தி அவற்றை மீட்டார்கள். பறிகொடுத்தவர்களுக்குப் பணம் திரும்பியது நல்லதே. ஆனால், திருடனிடமிருந்து எடுக்க முடிந்த கைக்கு மற்றவரிடமிருந்தும் எடுக்க முடியும் அல்லவா? இதை ஏற்க மறுத்தவர்கள் பிரிந்து சென்று, பழைய கணக்கை 'எதீரியம் கிளாசிக்' என்ற பெயரில் தொடர்ந்தனர்.

2017 ஆகஸ்ட் 1-ந் தேதி பிட்காயினிலிருந்து 'பிட்காயின் கேஷ்' பிரிந்தது. சாவியைத் தாமே வைத்திருந்தவர்களுக்கு இரண்டு நாணயங்களும் கிடைத்தன. வியாபார நிலையங்களிடம் ஒப்படைத்திருந்தவர்களோ அவற்றின் முடிவுக்குக் காத்திருக்க நேர்ந்தது. குவாண்டம் கம்ப்யூட்டர்கள் ஒருநாள் பழைய பூட்டுகளை உடைத்துவிடலாம் என்பதால், கெடுவுக்குள் புதிய பூட்டுக்கு மாறாத பிட்காயின்களை முடக்கலாம் என்ற யோசனை 2025-ல் எழுந்தது. அச்சம் நியாயமானதே. ஆனால், செய்தியே எட்டாத வாரிசின் கதி என்ன?

2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் நிலையத்தில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. நஷ்டத்தை வாடிக்கையாளர் அனைவர் தலையிலும் சுமத்தும் திட்டத்தை எதிர்த்து ஒருவர் வழக்குத் தொடுத்தார். இத்தகைய நாணயம் சொத்தே என்று 2025 அக்டோபரில் சென்னை ஐகோர்ட் கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. இதை வரவேற்கிறோம். ஆயினும், கோர்ட் ஒரு கம்பெனிக்கு உத்தரவிடலாம். உலகெங்கும் சிதறிக் கிடப்பவர்கள் விதியை மாற்றினால் யாருக்கு உத்தரவிடுவது?

2022 முதல் இந்த லாபத்தில் 30 சதவீதம் வரி வாங்கும் மத்திய சர்க்காருக்குக் கடமையும் உண்டு. விதி மாறுவதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே அவர் அறிந்த மொழியில் தெரிவிக்கவும், பிரிவினையில் பிறக்கும் நாணயத்தை அவரிடமே சேர்க்கவும் நிலையங்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். ஊர் விட்டு வந்து சிறுகச் சிறுகச் சேர்த்ததை இதில் போட நினைக்கும் வாசகர்கள், சாவியை மட்டுமல்ல, பூட்டையும் விசாரித்துக்கொள்வது நல்லது.