ஸ்பானிய இசை வேறு. லத்தீன் இசை வேறு!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து உடற்பயிற்சிக் கூடங்களில் இப்போது "சும்பா" ஆட்டம் நடக்கிறது. கொலம்பியா நாட்டுக்காரர் பெட்டோ பெரஸ் தொடங்கியது அது. அங்கே ஒலிக்கும் பாட்டை "ஸ்பானிஷ் பாட்டு" என்பார் ஒருவர். "லத்தீன் பாட்டு" என்பார் இன்னொருவர்.

இரண்டும் ஒன்றா? இல்லை!

கடல் கடந்த தாளம்

ஸ்பானிய இசை, ஐரோப்பாவில் உள்ள ஸ்பெயின் தேசத்தின் இசை. அதன் தென்பகுதியில் பிறந்தது "பிளமெங்கோ". கித்தார், கைத்தட்டு, தரை அதிரும் காலடி, நெஞ்சைப் பிழியும் குரல் ஆகியவை அதன் உயிர். ஜிப்சி மக்கள் போற்றி வளர்த்த கலை.

லத்தீன் இசை பிறந்ததோ அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அமெரிக்கக் கண்டத்தில். ஸ்பெயின்காரர்கள் மொழியையும் கித்தாரையும் கொண்டுபோனார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் தாளத்தைக் கொண்டுபோனார்கள். இரண்டும் கலந்து கியூபாவில் "சோன்" பிறந்தது. பிரேசிலின் "சாம்பா"வும் லத்தீன் இசைதான். ஆனால் அதன் மொழி போர்த்துகீசு!

பரிசு கிளப்பிய சர்ச்சை

2019ல் ரொசாலியா என்ற பாடகிக்கு அமெரிக்காவின் எம்.டி.வி. நிறுவனம் "லத்தீன்" பிரிவில் பரிசு கொடுத்தது. அவர் ஸ்பெயினில் பிறந்தவர். "ஐரோப்பியருக்கு லத்தீன் பரிசா?" என்று பலர் கேட்டனர்.

லத்தீன் கிராமி பரிசோ முக்கியமாக மொழியைப் பார்க்கிறது. ஸ்பானிய, போர்த்துகீசு மொழிப் பாட்டுகளுக்கு அதில் இடம் உண்டு, ஸ்பெயின்காரர்களும் போட்டியிடலாம். 2023ல் அந்த விழாவே ஸ்பெயினின் செவில் நகரில் நடந்தது.

மொழியை வைத்து இசைக்குப் பெயரிடுவதா? மண்ணை வைத்துப் பெயரிடுவதா? இதுதான் வழக்கு.

நம் ஊரிலும் உண்டு

இந்த வழக்கு தமிழர்களுக்குப் புதிதல்ல. தியாகராஜர் திருவையாற்றில் வாழ்ந்து, தெலுங்கில் கீர்த்தனைகள் செய்தார். அதைத் தெலுங்கு இசை என்று யாரும் சொல்வதில்லை. கர்நாடக சங்கீதம் என்கிறோம். ஆனால், "தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு எங்கே?" என்ற கேள்வி எழுந்தது. 1943ல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது.

ஆக, பெயர் வெறும் பெயர் அல்ல. மேடை யாருக்கு, பரிசு யாருக்கு என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

1960களில் எம்.எஸ்.விசுவநாதனின் திரைப்பாட்டுகளில் முழங்கிய பொங்கோ, கியூபாவின் கறுப்பு மக்கள் தந்த கருவி. விலங்கு பூட்டப்பட்ட மக்களின் சந்ததி தட்டிய தாளம் அது. அதையும் ஸ்பெயினின் கணக்கில் எழுதினால், உழைத்தவன் ஒருவன், கூலி வாங்குபவன் வேறொருவன் என்றாகிவிடும்!