கணிப்பொறியும் கல்லூரி மாணவனும்

— இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

நம் கல்லூரி நூலகத்திற்குள் எவரும் நுழையலாம். அடையாள அட்டையைக் காட்டினால் போதும். இயற்பியல் மாணவன் புதுக்கவிதை படிக்கிறான். வரலாற்று மாணவி வானியல் நூலைப் புரட்டுகிறாள். "இது உன் பாடத்திட்டத்தில் இருக்கிறதா?" என்று நூலகர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தின் வழக்கமே வேறு. கால அட்டவணையில் நம் வகுப்புக்குக் குறித்த நேரத்தில்தான் கதவு திறக்கும். பாடத்திட்டத்தில் உள்ள நிரலை அடிக்கிறோம். விடை வந்ததும் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குகிறோம். மணி அடித்ததும் எழுந்து விடுகிறோம். கதவு மீண்டும் பூட்டப்படுகிறது. நூலுக்கு ஒரு நீதி, கணிப்பொறிக்கு ஒரு நீதியா?

நண்பர்களே! பூட்டுவதற்குக் காரணமே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. காரணங்கள் உண்டு, அவற்றுக்குப் பின்னர் வருகிறேன். அதற்கு முன், இதே கேள்வியை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பி, விடையும் கண்ட ஒரு கல்லூரியை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டார்ட்மவுத் கல்லூரி இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் இருந்தனர். இருவரும் கணிதத் துறையினர் என்பதைக் கணிதம் படிக்கும் நான் சற்றுப் பெருமையுடனேயே குறிப்பிடுகிறேன். அந்நாளில் கணிப்பொறியைப் பயன்படுத்துவதென்றால், நிரலை அட்டைகளில் துளையிட்டுக் கட்டாக அடுக்கி, பொறியை இயக்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும். விடை மறுநாள் வரலாம். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் பிழைச் செய்திதான் விடை! மீண்டும் அட்டை, மீண்டும் காத்திருப்பு. இப்படி யார் கற்பார்கள்? நூலக அலமாரிகள் மாணவர்களுக்குத் திறந்திருப்பதுபோல் கணிப்பொறியும் திறந்திருக்க வேண்டும் என்பது அவ்விரு பேராசிரியர்களின் கொள்கை. அறிவியல் மாணவர்களுக்கு மட்டுமன்று. இலக்கியமும் வரலாறும் படிப்போருக்கும் சேர்த்துத்தான் அவர்கள் அதைச் சொன்னார்கள்.

இருப்பதோ ஒரே பொறி. அதை எல்லோருக்கும் எப்படிப் பகிர்வது? நம் ஊர்த் திருமணங்களில் ஒரே சமையல்காரர் குழம்பைக் கிளறிவிட்டு, அப்பளத்தைத் திருப்பிவிட்டு, பாயசத்தையும் பார்த்துவிட்டுக் குழம்புக்குத் திரும்புகிறார் அல்லவா? பந்தியில் இருப்பவருக்கு எதுவும் தாமதமானதாகத் தெரிவதில்லை. கணிப்பொறியையும் அப்படிச் செய்ய வைத்தார்கள். ஒவ்வொருவரின் நிரலுக்கும் ஒரு நொடியின் சிறு பகுதியை மாற்றி மாற்றிக் கொடுப்பதால், தட்டச்சு முனையத்தில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் பொறி தனக்கே உரியது போலத் தோன்றும். நேரப்பகிர்வு என்பது இதுதான். தொடக்க மாணவரும் எளிதில் எழுதும்படி 'பேசிக்' என்ற மொழியையும் உருவாக்கினார்கள். 1964 மே 1 அன்று விடியற்காலை 4 மணிக்கு அந்த மொழியில் எழுதிய நிரல்கள் முதன்முதலாக ஓடின.

நான் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி இனித்தான் வருகிறது. அந்த நேரப்பகிர்வு அமைப்பின் நிரலை எழுதியவர்களில் முக்கியமானவர்கள் அக்கல்லூரியின் இளநிலை மாணவர்களே! நம் வயதுக்காரர்கள். விலையுயர்ந்த பொறியை மாணவர்களின் கையில் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள் என்று அந்தப் பேராசிரியர்கள் அஞ்சவில்லை. மாணவர்கள் பாடக் கணக்கும் போட்டார்கள், விளையாட்டும் எழுதினார்கள். கெமனி பின்னாளில், 1970-இல், அக்கல்லூரியின் தலைவராகவே ஆனார். அவர் 1992-இல் மறைந்தார். கர்ட்ஸ் 2024-இல்தான் மறைந்தார்.

டார்ட்மவுத் பணக்காரக் கல்லூரி, நம்மோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒப்பிட்டுத்தான் பாருங்களேன்! அவர்களிடம் அன்றிருந்த பொறியின் ஆற்றல், இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் கைபேசியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நம் நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 என்ற கணிப்பொறி வந்தது. அதைக் கண்ணாடி அறையில் காட்சிப் பொருளாக வைக்கவில்லை. மாணவர்களுக்கு ஃபோர்ட்ரான் மொழியைக் கற்பித்து அவர்களையே நிரல் எழுத விட்டார்கள். பேராசிரியர் வி. இராஜாராமன் அங்கே நடத்திய வகுப்புகளின் குறிப்புகள் பின்னர் மலிவு விலை நூலாகி நாடெங்கும் பரவின.

பொறியில் அமர நேரம் கிடைப்பது பாதி வேலை. மற்றப் பாதி, எழுதியதை வைத்துக்கொள்ள ஓர் இடம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவர் சேர்ந்ததும் அவர் பெயரில் ஒரு பயனர் கணக்கும், பொதுக் கணிப்பொறியில் சிறிது இடமும் தருவது நெடுநாளைய வழக்கம். அந்த இடத்துக்குள் குறிப்பிட்ட பெயரில் ஒரு கோப்புறையைத் திறந்து பக்கங்களை எழுதி வைத்தால், பல்கலைக்கழக முகவரிக்குப் பின் ஓர் அலைக்குறியும் மாணவரின் பெயருமாக அவருக்கென ஓர் இணையப் பக்கம் பிறந்துவிடும். 1990-களில் உலகின் இணையப் பக்கங்களில் கணிசமானவை இந்த அலைக்குறி வீடுகளில்தான் குடியிருந்தன.

அந்தச் சிறிய இடம் என்ன செய்யும்? 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் சொந்தக் கணிப்பொறியில் ஓர் இயங்குதளத்தின் கருவை எழுதினார். அவருக்கு வயது 21. பின்லாந்துப் பல்கலைக்கழக வலையமைப்பின் சர்வரைக் கவனித்துக்கொண்டிருந்த ஆரி லெம்கே என்பவர், அதை வெளியிட அந்தச் சர்வரில் ஒரு கோப்புறையை ஒதுக்கித் தந்தார். டோர்வால்ட்ஸ் தம் படைப்புக்கு 'ஃபிரீக்ஸ்' என்று பெயரிட எண்ணியிருந்தார். லெம்கேக்கு அது பிடிக்கவில்லை; கோப்புறைக்கு 'லினக்ஸ்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்தது. இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களிலும், ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்திலும் ஓடுவது அந்தக் கருதான். யாகூ 1994-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் கணிப்பொறிகளில் இரு ஆய்வு மாணவர்கள் தொகுத்த பட்டியலாகத் தொடங்கியதும், கூகுள் சில ஆண்டுகள் கழித்து அதே பல்கலைக்கழக முகவரியில் இயங்கியதும் எல்லோரும் அறிந்ததே.

நம் தமிழும் இணையத்தில் காலூன்றியபோது பல்கலைக்கழகம் ஒன்றின் கைப்பிடித்துத்தான் நடந்தது. 1995-இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளும் ஓர் இணையத் தொகுப்பாக வெளிவந்தபோது, அதில் தமிழ் எழுத்துகளைத் திரையில் தோன்றச் செய்தவர் நா. கோவிந்தசாமி. அவர் ஒரு கல்லூரி ஆசிரியர், எழுத்தாளர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வாளர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். தமிழ்த்துறை நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். கணிப்பொறி அறை உங்களுக்கும் உரியதே!

என் நிலைமையைச் சிறிது சொல்ல அனுமதியுங்கள். என் தந்தையார் விசைத்தறி ஓட்டுகிறார். மீட்டர் கணக்கில் கூலி. நூல் அறுந்து தறி நின்ற நேரம் போகும். வாங்கிய முன்பணத்தில் ஒரு பங்கு கழியும். வாரக் கடைசியில் ஒரு துண்டுச் சீட்டு வரும். அந்தச் சீட்டைச் சரிபார்க்க எங்கள் வீட்டில் இதுவரை ஆளில்லை. நான்தான் முதலில் கல்லூரிப் படி ஏறியவன். சென்ற பருவத்தில் செய்முறை வகுப்பில் ஃபிபனாச்சித் தொடர் நிரலை விரைவில் முடித்துவிட்டு, மீதமிருந்த நேரத்தில் அந்தக் கூலிக் கணக்குக்கு ஒரு நிரல் எழுதத் தொடங்கினேன். அடுத்த வாரம் சென்றபோது அது அங்கே இல்லை. மற்றொரு வகுப்பின் தேர்வுக்காக எல்லாப் பொறிகளையும் துடைத்துவிட்டிருந்தார்கள். பென்டிரைவ் கொண்டுவரத் தடை. மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றால் அறையில் இணைய இணைப்பும் இல்லை. யார் மீதும் குறை சொல்லவில்லை, விதி அப்படி. பிறகு அந்த நிரலைக் கைபேசியில் கட்டைவிரலால் அடித்து முடித்தேன். அடைப்புக்குறிகளைத் தேடியே கண் வலித்தது!

"இனி மாணவர்களுக்கு மடிக்கணினியே வரப்போகிறதே, ஆய்வுக்கூடம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். தமிழக அரசு 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர், கல்லூரி மாணவர்கள் 20 இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கணினி வழங்கப்படும் என்று 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மனமார வரவேற்கிறேன். ஏழை வீட்டுக்கு அது பெரிய பொருள். ஆயினும் மடிக்கணினி என்பது தனி வீடு. நான் கேட்பது தெரு. நான் எழுதியதை நீங்கள் பார்க்கவும், நீங்கள் எழுதியதில் நான் ஒரு பிழையைக் கண்டு சொல்லவும், நாளை வேலைக்கு நேர்காணல் செய்பவர் "என்ன செய்திருக்கிறாய்?" என்றால் ஒரு முகவரியைக் காட்டவும் பொதுவான இடம் வேண்டும்.

இனித் தடைகளுக்கு வருவோம். திறந்து விட்டால் வைரஸ் வரும், படம் பார்ப்பார்கள், குறும்பு செய்வார்கள் என்பது முதல் அச்சம். அது வெறும் கற்பனையன்று. 1988 நவம்பர் 2 அன்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் ஏவிய ஒரு நிரல், தானே பெருகி ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளைத் திணற அடித்தது. நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. ஆனால் பல்கலைக்கழகங்கள் அதன்பின் மாணவர் கணக்குகளை ஒழித்துவிடவில்லை. ஓட்டைகளை அடைத்தார்கள், இத்தகைய ஆபத்துகளைக் கவனிக்க அந்த மாதமே ஒரு குழுவை நிறுவினார்கள். அந்த மாரிஸ் பிற்காலத்தில் புகழ்பெற்ற எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார் என்பது தனிக் கதை!

இரண்டாவது தடை, யாரும் வெளிப்படையாகச் சொல்லாதது. அரசுக் கல்லூரியில் ஒரு மவுஸ் காணாமற் போனாலும் இருப்புப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்தாம் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். ஆய்வக உதவியாளரும் பொறுப்பாசிரியரும் கதவைப் பூட்டுவது நம் மீதுள்ள வெறுப்பினால் அன்று. ஓய்வு பெறும் நாளில் பிடித்தம் இல்லாமல் போகவேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. இது நியாயமான கவலை. அவர்களைத் தனியே பொறுப்பேற்க விட்டுவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்வது நன்றன்று.

ஆகவே நான் எல்லாப் பொறிகளையும் கேட்கவில்லை. ஒதுக்கி வைக்கப்பட்டுள்ள பழைய பொறிகளுள் ஒன்று போதும். லினக்ஸ் இலவசம், பழைய பொறியிலும் ஓடும். ஆளுக்கு 100 மெகாபைட் என்று வரம்பு கட்டினால், 500 ஜிகாபைட் வட்டு ஒன்றில் நாலாயிரம் மாணவர்களுக்கு மேல் குடியிருக்கலாம். எவர் நிரலும் பொறியை முழுதும் விழுங்காதபடி நேரத்துக்கும் நினைவகத்துக்கும் அளவு வைக்க அதிலேயே வசதி இருக்கிறது. வெளி இணையம்கூட இப்போதைக்கு வேண்டா. கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் தெரியும் பக்கங்களாகத் தொடங்கலாம். தாவரவியல் மாணவிகள் வளாகத்து மரங்களின் பெயர்ப் பட்டியலை ஏற்றட்டும். இந்த ஆண்டுமலரின் பழைய இதழ்களைத் தமிழ்த்துறையினர் தட்டச்சு செய்து வைக்கட்டும்.

சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை கதவு திறந்தால் போதும். வருகைப் பதிவேடு எழுதவும், பொறிகளை எண்ணி ஒப்படைக்கவும் எங்கள் வகுப்பிலிருந்து நால்வர் முன்வந்துள்ளோம். எங்கள் பெயர்களை எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறோம். மற்றத் துறைகளிலிருந்தும் விரும்புவோர் அந்தத் தாளிலேயே கையொப்பமிடலாம்.