வகுப்புக்குப் போகலாம், பேக்கேஜ் வேண்டாம்

கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு வீட்டில் ஆரம்பித்துவிட்டதா? ஊட்டியா கொடைக்கானலா என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்த வீடுகளில்கூட இப்போது 'க்ரூஸ்' என்ற சொல் காதில் விழுகிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கோர்டேலியா சொகுசுக் கப்பல் கிளம்பியது நினைவிருக்கும். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் அப்படியே பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவு கப்பலிலும் போய்வந்துவிடுகிறார்கள். மகனோ மகளோ வெளிநாட்டில் இருந்தால், அப்பா அம்மாவுக்கு அவர்கள் எடுத்துக்கொடுக்கும் பரிசும் பல வீடுகளில் இதுதான்.

போய்வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பஃபே, நீச்சல் குளம், ராத்திரி ஷோ எல்லாவற்றையும் உற்சாகமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "அங்கே காக்டெயில் கிளாஸ்கூட நடத்தறாங்க சார்" என்பார்கள். போனீர்களா என்று கேட்டால் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறேன்.

மதுவைப் பற்றி நம் வீடுகளுக்குத் தெரிந்த படம் ஒன்றே ஒன்றுதான். தெருமுனைக் கடை, அதன் வாசலில் கூட்டம், சம்பள நாளில் வீட்டில் காத்திருக்கும் மனைவி. அந்தப் படம் பொய் இல்லை. மதுவால் நொந்துபோன குடும்பங்கள் நம் வாசகர்களிலேயே இருக்கின்றன. அதனால்தான், பளபளவென்ற மேஜையில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் புதினாவும் எலுமிச்சையும் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார் என்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நமக்குத் தெரியவில்லை. பாவமா, பொழுதுபோக்கா, சமையல் வகுப்பு மாதிரியா?

நான் ஒரு முறை போய் உட்கார்ந்தேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. முன்பதிவு செய்யும்போதே அதைச் சொன்னேன். "நோ ப்ராப்ளம், உங்களுக்கு மட்டும் மாக்டெயிலாகச் செய்துவிடலாம்" என்றார்கள். கட்டணத்தை மட்டும் குறைக்கவில்லை!

இந்த வகுப்புகளைப் பெரும்பாலும் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்கிறார்கள். பார் காலியாக இருக்கும் நேரம் அது. ஆளுக்கு ஒரு ஷேக்கர், அளவு பார்க்க ஜிக்கர் என்ற இரண்டு பக்கக் கிண்ணம், புதினாவை நசுக்க மத்து போன்ற ஒரு குச்சி. முதல் பாடமே ஐஸ்தான். ஐஸ் குளிர வைப்பதற்கு மட்டும் இல்லை, அது உருகிக் கலக்கும் தண்ணீரும் அந்தப் பானத்தில் ஒரு சரக்கு என்றார் பார்டெண்டர். சின்னத் துண்டுகளைப் போட்டால் சீக்கிரம் உருகி எல்லாமே நீர்த்துப்போகும். அதனால் பெரிய கட்டிகளாகப் போட வேண்டும்.

அடுத்தது புதினா. என் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணி, துவையல் அரைக்கிற வேகத்தில் குச்சியைப் போட்டுக் குத்தினார். பார்டெண்டர் சிரித்துக்கொண்டே நிறுத்தினார். இலையைக் கிழித்தால் கசப்பு இறங்கிவிடும், மேலாக அழுத்தினாலே வாசனை வந்துவிடும் என்று சொல்லி, ஒரு கொத்தை உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினார். மேஜை முழுக்க மணம். பிறகு ஷேக்கரைக் குலுக்கச் சொன்னார். எவ்வளவு நேரம் என்று ஒருவர் கேட்டார். அதற்குக் கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. நுரை கட்டியதும் ரசத்தை இறக்குகிறோமே, அந்த மாதிரி இதற்கும் ஒரு அடையாளம் உண்டு. ஷேக்கரின் வெளிப்பக்கத்தில் வெள்ளையாகப் பனி படிந்து, பிடித்திருக்கும் விரல் மரத்துப்போகிற நேரம்தான் நிறுத்துகிற நேரம். எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் குலுக்க வேண்டும். மார்ட்டினி போல மது மட்டும் சேருவதென்றால் கரண்டியால் கலக்கினால் போதும்.

சொல்லப்போனால் இது கைப்பக்குவப் பாடம். எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் ஒன்றையொன்று எப்படிச் சமன் செய்கின்றன என்று புரிந்துவிட்டால், மது இல்லாமலேயே வீட்டில் ஜமாய்க்கலாம். நன்னாரி சர்பத்தை எலுமிச்சை, கொஞ்சம் இஞ்சிச் சாறு, பெரிய ஐஸ் கட்டியோடு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் குலுக்கி ஊற்றிப் பாருங்கள். ஸ்பூனால் கலக்கியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். இப்போது எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்கு இதுதான்.

இந்த வகுப்பைப் போலவே கப்பலில் 'டேஸ்ட்டிங்' என்று சுவை பார்க்கும் நிகழ்ச்சியும் நடத்துகிறார்கள். அது வேறு. அதில் செய்முறை கிடையாது. ஒயின், விஸ்கி, ரம் என்று நாலைந்து வகையைச் சின்னச் சின்ன அளவில் ஊற்றி வைத்து, நிறம் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், ஒரு வாய் வையுங்கள் என்பார்கள். ஒயின் டேஸ்ட்டிங்கில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைப்பது வழக்கம். அதில் துப்புவது நாகரிகக் குறைவு இல்லை, ஒயின் தொழிலில் இருப்பவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். நம்மவர்களுக்குத்தான், காசு கொடுத்ததைத் துப்புவதா என்று மனசு வராது!

அந்த மனசைத்தான் கப்பல்காரர்கள் நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள்.

வகுப்புக்கு ஆளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 40 டாலர் வரை ஆகும். அதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று 18 அல்லது 20 சதவீதம் சேர்ப்பார்கள். ஒரு மணி நேரப் பொழுதுபோக்கு, அதோடு முடிந்தது. உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அது 'டிரிங்க்ஸ் பேக்கேஜ்'. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் எத்தனை கிளாஸ் வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பது விளம்பரம். ஆனால் எல்லா இடத்திலும் எல்லையே இல்லை என்று நினைக்க வேண்டாம். கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் 24 மணி நேரத்துக்கு 15 மது பானங்கள்தான் என்று வரம்பு உண்டு. 15 என்பது ஒரு வரம்பா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு நாள் பேக்கேஜ் 70 டாலர், ஒரு காக்டெயில் 14 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட காசை எடுக்கவே தினமும் ஐந்து கிளாஸ் குடிக்க வேண்டும். பயணத்தின் எல்லா நாளுக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஊர் சுற்றிவிட்டு ராத்திரி கப்பலுக்குத் திரும்பிய நாளுக்கும் அதே 70 டாலர். இதைவிடப் பெரிய விஷயம், பல நிறுவனங்களில் ஒரே கேபினில் இருக்கும் வயதுவந்த இருவரில் ஒருவர் மது பேக்கேஜ் வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும். கணவருக்கு ஆசை, மனைவி வாயில்கூட வைப்பதில்லை என்றாலும் இரண்டு பேருக்கும் பில். கர்ப்பம், உடல்நலம் போன்ற காரணம் சொன்னால் தளர்த்துகிற நிறுவனங்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் நான்கு நாளைக்கு இரண்டு பேருக்கு 560 டாலர், அதற்கு மேல் சேவைக் கட்டணம். நம் பணத்தில் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். அந்தப் பணத்தில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இன்னொரு டிக்கெட்டே போட்டிருக்கலாமே என்று யாருக்குத்தான் தோன்றாது?

பணத்தை விடுங்கள். அளவைப் பாருங்கள். ஒரு காக்டெயிலில் வகையைப் பொறுத்து 45 முதல் 60 மில்லி வரை மது சேரும். 60 மில்லி என்றால் ஐந்து கிளாஸில் 300 மில்லி. அதாவது ஒன்றரை குவார்ட்டருக்கும் மேல்! நம் தெருவில் ஒருவர் தினமும் ஒன்றரை குவார்ட்டர் அடிக்கிறார் என்றால் அந்த வீட்டைப் பற்றி என்ன பேசுவோம்? அதையே அன்னாசித் துண்டும் செர்ரியும் குத்தி, காகிதக் குடை வைத்துக் கொடுத்தால் விடுமுறை ஆகிவிடுகிறது.

பழச்சாறு மாதிரித் தெரிவது இன்னொரு சிக்கல். சிங்கப்பூர் ஸ்லிங் என்ற இளஞ்சிவப்பு காக்டெயில் ராஃபிள்ஸ் ஹோட்டலில் 1915-இல் பிறந்தது என்பார்கள். பெண்கள் பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்றிருந்த காலத்தில், ஜூஸ் மாதிரித் தெரியட்டும் என்றே அந்த நிறத்தில் செய்தார்கள் என்று அந்த ஹோட்டல் சொல்கிறது. நூறு வருஷம் கழித்து அந்த வேஷம் யாரை ஏமாற்றும்? மேஜையில் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும் நம் வீட்டு ஆறு வயசுக்காரனை. கப்பலில் குழந்தைகளோடு போகிறவர்கள் அந்தக் கிளாஸை மேஜை ஓரத்தில் வைக்காதீர்கள்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும். சிங்கப்பூரில் 18. அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கப்பல்களில் பெரும்பாலும் 21. சிங்கப்பூர்க் கப்பலில் 19 வயது மகன் கார்டை நீட்டினால் பார்டெண்டர் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. கப்பலுக்குள் கையில் காசு புழங்காது, கேபின் கார்டைத் தட்டினால் போதும், பில் கடைசி நாளில் அப்பா கணக்கில் வந்து நிற்கும். பிள்ளைகள் கார்டில் செலவை நிறுத்தி வைக்கச் சொல்லி வரவேற்பு மேஜையில் கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது இல்லையா?

உடம்பு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் அது பாதுகாப்பான அளவு என்று சொல்வதற்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. கப்பலுக்கே உரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. தலைசுற்றலுக்கு நம் ஊரில் சாதாரணமாகப் போடும் அவோமின் போன்ற மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும். அதன் மேல் மது சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும். ஆடுகிற கப்பல், ஈரமான டெக், படிக்கட்டு... சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். இதையெல்லாம் டாக்டரிடம் கேட்க வெட்கப்படுகிறவர்கள் நம்மில் நிறைய. கிளம்புவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

குடியை விட்டு மீண்டவர் குடும்பத்தில் இருக்கிறாரா? அவரைக் கூட்டிக்கொண்டு கப்பலுக்குப் போவதா என்ற பயம் நியாயமானது. ஒரு தகவல் சொல்கிறேன். பல கப்பல்களில் தினசரி நிகழ்ச்சி அட்டவணையில் 'பில் டபிள்யூ-வின் நண்பர்கள்' என்று ஒரு வரி இருக்கும். ஏதோ சங்கக் கூட்டம் என்று தாண்டிப்போய்விடுவோம். பில் வில்சன் என்பவர் 1935-இல் அமெரிக்காவில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் நேரம் அது. யாருக்கும் விளம்பரமாகத் தெரியக் கூடாது என்றுதான் அந்தப் பெயர். குடியை இவ்வளவு விற்கும் கப்பலில், அதை விட்டவர்களுக்கும் ஒரு அறை ஒதுக்கியிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியாக அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். வகுப்புக்குக் கணவர் போனால் 'ஜாலி மனுஷன்', மனைவி போனால் 'இவளுக்கு இது தேவையா' என்று இரண்டு அளவுகோல் நம்மிடம் இருக்கிறது. மாமியார் அடுத்த கேபினில் இருந்தால் கேட்கவே வேண்டாம். இருவருக்கும் விருப்பம் என்றால் இருவரும் போங்கள், ஒளிந்துகொண்டு வேண்டாம். ஒருவருக்கு விருப்பமில்லை என்றால் "ஒரு வாய்தானே, சும்மா டேஸ்ட் பண்ணு" என்று கிளாஸை நீட்டாதீர்கள். ஷேக்கரைக் குலுக்கிவிட்டு, செய்த பானத்தைத் தொடாமல் மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் போன வகுப்பில் இரண்டு பேர் அப்படித்தான் செய்தார்கள்.

கப்பலில் போய்வந்தவர்கள் எழுதுங்கள். முக்கியமாக, அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப் போனவர்கள் இந்த விஷயத்தை வீட்டில் எப்படிப் பேசினீர்கள், பில்லில் கடைசியில் என்ன வந்தது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்