நகரமும் அதன் ஆஸ்தானக் கலைஞரும்

ஒரு நகரம் தன் பொது இடங்களுக்குக் கலைப்படைப்பு வேண்டுமென்று தீர்மானித்தால், வழக்கமாக என்ன நடக்கிறது? கட்டடம் முடியும் தறுவாயில் ஒரு சிற்பியைத் தேடிப் பிடித்து, திறப்பு விழாவுக்குள் பீடத்தின்மேல் ஏதேனும் ஒரு சிலையை ஏற்றி வைத்துவிட்டு, கலைக்குச் செய்ய வேண்டிய கடமை தீர்ந்தது என்று நகரசபையார் நிம்மதி அடைகிறார்கள். சிலையைச் செய்தவருக்கு அந்நகரத்தின் அன்றாட ஜீவிதத்தோடு பரிச்சயமில்லை. அதைக் கடந்து போகிற ஜனங்களுக்கும் சிலையோடு யாதொரு பந்தமும் இல்லை. கலைஞரை முதலில் நகரத்தின் ஊழியத்துக்கு நடுவே பல காலம் பழகவிட்டு, அந்தப் பழக்கத்தில் விளைகிற சிருஷ்டியையே நகரம் கேட்டுப் பெறவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். இதற்கு நியூயார்க் நகரத்தின் சமீப கால சரித்திரத்தில் உன்னதமான திருஷ்டாந்தம் ஒன்று இருக்கிறது.

மியர்ல் லேடர்மன் யூகலீஸ் என்ற கலைஞர், முதல் குழந்தை பிறந்த மறுவருஷம், அதாவது 1969-இல், ஓர் அறிக்கை எழுதினார். புதிதாகப் படைப்பதற்கு உலகம் அளிக்கும் கௌரவத்தில் ஓர் அணுவளவேனும், படைத்ததைப் பேணிக் காக்கும் ஓயாத வேலைக்கு அளிக்கப்படுவதில்லை என்பதையும், வீடு கூட்டுவதும் துணி துவைப்பதும் வீதியைச் சுத்தம் செய்வதும் கலைக்கு உரிய விஷயங்களே என்பதையும் அவர் அதில் ஸ்தாபிக்க முயன்றார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1977-இல், நியூயார்க்கின் துப்புரவு இலாகா அவரைத் தன் ஆஸ்தானக் கலைஞராக ஏற்றுக்கொண்டது. சம்பளம் கிடையாது. பொக்கிஷம் காலியாகி, துப்புரவுத் தொழிலாளர் உட்பட ஆயிரக்கணக்கான ஊழியர்களை நகரம் வேலையிலிருந்து நீக்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது.

அவர் முதலில் செய்த காரியம் சிலையோ சித்திரமோ அன்று. 1979 ஜூலையில் தொடங்கி ஏறக்குறைய பதினோரு மாதங்கள் நகரத்தின் எல்லாத் துப்புரவு வட்டாரங்களுக்கும் சென்று, 8,500 தொழிலாளர்களையும் ஒவ்வொருவராக நேரில் சந்தித்து, கையைக் குலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்காக நன்றி என்று சொன்னார். விடியற்காலையில் ஆஜர்ப்பட்டியல் வாசிக்கும் வேளையில் போய் நிற்பார். வண்டியின் பின்னே நடந்து, அவர்கள் குனிந்து தூக்கி வீசும் அசைவுகளைத் தாமும் அப்படியே செய்து பார்ப்பார். அவர்களோடு உட்கார்ந்து உண்பார். அவர்கள் மனத்தில் புதைந்து கிடந்த அவமானங்களைக் கேட்பார். கடும் வெயிலில் களைத்து ஒரு வீட்டு வாசற்படியில் சற்றே அமர்ந்தபோது, நாற்றமடிக்கிறது, எழுந்து போங்கள் என்று அவ்வீட்டு அம்மாள் துரத்தியதைப் பல வருஷங்கள் கழிந்தும் மறக்க இயலாத ஒருவர் அவரிடம் சொன்னார். 1984-இல் ஒரு கலைக்கூடத்தின் முகப்பில் அப்படிப்பட்ட வாசற்படி ஒன்றை எழுப்பி, தொழிலாளர்கள் கேட்டிருந்த இழிசொற்களையெல்லாம் ஜன்னற் கண்ணாடிகளின் மீது எழுதி, சமூகத்தின் பல துறைகளைச் சேர்ந்தவர்களை அழைத்து அவற்றைக் கழுவித் துடைக்கச் செய்தார் யூகலீஸ். அந்த ஒரு செய்தியைக் கேட்க எந்தச் சிற்பப் போட்டியின் விண்ணப்பத்தில் இடமிருக்கிறது?

இலாகாவுக்குள் இடம் பெற்ற கலைஞர் அதன் பிரசாரகராக மாறிவிடுவார் என்று அஞ்சுவோர் உண்டு. 1983-இல் அவர் செய்த படைப்பு அந்த அச்சத்துக்குத் தக்க சமாதானம். இலாகாவின் குப்பை வண்டி ஒன்றின் பக்கங்களை முழுவதும் நிலைக்கண்ணாடியால் மூடி, ஊர்வலத்தில் ஓட்டச் செய்தார். வேடிக்கை பார்த்த ஜனங்களுக்கு வண்டியில் தெரிந்தது அவரவர் முகம். குப்பையை உண்டாக்குகிறவர் யார் என்பதற்கு வேறு வியாக்கியானம் வேண்டியிருக்கவில்லை. இலாகாவையும் பிரஜைகளையும் ஒருசேர அந்த வண்டி விசாரித்தது.

சம்பளத்துக்கே வழியில்லாத நகரம் கலைக்குச் செலவிடலாமா என்ற கேள்வியையும் அலட்சியம் செய்யக் கூடாது. யூகலீஸ் ஊதியமின்றி உழைத்ததை நகரத்தின் சிக்கனத்துக்குச் சான்றாக எடுத்துக் காட்டுவோருடன் நான் உடன்படவில்லை. பேணும் உழைப்புக்கு மதிப்பில்லை என்று முறையிட்ட ஒருவரிடமே இலவச உழைப்பைப் பெற்றுக்கொள்வது நியாயமாகாது. வழி இல்லாமலும் இல்லை. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நியூயார்க் நகரம் தன் பணத்தில் எழுப்பும் தகுதியுள்ள கட்டடங்களின் செலவில் நூற்றுக்கு 1 பங்கைக் கலைக்கு ஒதுக்குகிறது. அதன் வழியாகவே, ஸ்டேட்டன் தீவில் ஏறக்குறைய 2,200 ஏக்கர் பரப்பில் 1948 முதல் 2001 வரை நகரத்தின் கழிவைத் தாங்கிய பிரெஷ் கில்ஸ் குப்பைமேட்டைப் பூங்காவாக மாற்றும் மகத்தான முயற்சியில், ஒரு படைப்பைச் செய்யும் பணி யூகலீஸை வந்தடைந்தது. குப்பை எங்கே போகிறது, யார் கொண்டு போகிறார்கள் என்பதை அத்தனை ஆண்டுகள் கூடவே நடந்து அறிந்தவரைக் காட்டிலும் அதற்கு அருகதை உள்ளவர் வேறு யார்? ஆயினும் இப்படிப்பட்ட பெரும் பணிகள் பல பத்தாண்டுகள் இழுபடுவதும் உண்மை. பணியை ஒப்படைப்பதோடு கடமை முடிந்ததாக எண்ணாமல், அதை நிறைவேற்றும் பொறுமையும் நிதியும் நகரத்துக்கு வேண்டும்.

2015-இல் நியூயார்க்கின் கலாசார இலாகா, யூகலீஸின் முன்மாதிரியைப் பின்பற்றி, பல அரசு இலாகாக்களில் கலைஞர்களை அமர்த்தும் திட்டத்தை ஏற்படுத்தி, அவர்களுக்கு ஊதியமும் வழங்கலாயிற்று. முறை இவ்விதம் இருக்கட்டும்: கலைஞருக்கு இலாகாவில் நியாயமான ஊதியத்தோடு ஓர் இடம், அவசரப்படுத்தாத கால அவகாசம், இன்ன பொருள் வேண்டும் என்று முன்கூட்டியே நிர்ணயிக்காத சுதந்திரம், முடிவில் அவர் கண்டு சொல்வது கசப்பாயிருந்தாலும் அதைப் பொது இடத்தில் நிறுத்தும் துணிவு. இந்நான்கையும் அளிக்க ஆயத்தமாயுள்ள நகரம் மாத்திரமே ஆஸ்தானக் கலைஞரை நியமிக்கத் தகுதியுடையது.