பால்பல் விழட்டும் என்று காத்திருக்கலாமா?

குழந்தையின் கீழ்ப்பல் வரிசை மேல்வரிசைக்கு முன்னால் வந்து நின்றாலோ, கடிக்கும்போது மோவாய் ஒரு பக்கம் ஒதுங்கினாலோ, வீட்டில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: 'பால்பல்லெல்லாம் விழுந்து முளைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.' பல் மட்டும் கோணலென்றால் காத்திருப்பதில் பெரும்பாலும் பாதகமில்லை. ஐம்பது வயதிலும் கம்பி போட்டுப் பல்லை நகர்த்தலாம். தாடை எலும்பின் கணக்கு வேறு. அதன் வளர்ச்சியைத் திருப்பிவிட வேண்டுமானால் வளர்ச்சி மிச்சமிருக்க வேண்டும். அண்ணத்தின் நடுவே இரு பாதிகளும் சேரும் பொருத்து பதின்வயதில் இறுகத் தொடங்குகிறது. அதற்குமுன் குறுகிய மேல்தாடையைத் திருகு வைத்த கருவியால் சில வாரங்களில் அகலப்படுத்திவிடலாம். வளர்ந்து முடிந்தவருக்கு அதற்கே அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடும்.

அப்படியானால் ஏழு வயதிலேயே எல்லோருக்கும் கருவி மாட்டிவிடலாமே, இது மருத்துவர்களுக்கு நல்ல வியாபாரமாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான். எத்துப்பல்லும் உள்வாங்கிய கீழ்த்தாடையும் உள்ள பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே ஒருமுறை, பதின்வயதில் மறுமுறை என்று இரண்டு கட்டமாகச் சிகிச்சை தந்து பார்த்த ஆய்வுகளில், முன்பல் அடிபட்டு உடைவது குறைந்தது. மற்றபடி, பதின்வயதில் ஒரே கட்டமாகச் செய்ததைவிடப் பெரிய லாபம் தெரியவில்லை. ஆனால் மேல்தாடை பின்தங்கிக் கீழ்ப்பல் முந்தி நிற்பவர்கள் விஷயத்தில் பிரிட்டனில் பல மருத்துவமனைகளில் நடந்த சோதனை வேறு கதை சொல்கிறது. பத்து வயதுக்குமுன் முகத்தில் மாட்டும் இழுவைக் கருவி அணிந்தவர்களில் 36 சதவீதத்தினருக்கே பிற்பாடு தாடை அறுவை தேவை என்று மதிப்பிட்டார்கள். அணியாதவர்களில் அது 66 சதவீதம். ஒருவர் காத்திருக்கலாம், இன்னொருவர் காத்திருக்கக் கூடாது. எவர் எந்த வகை என்பதைப் பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லிவிட முடியாது. அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடச் சொல்வது இதனால்தான். காட்டச் சொல்கிறார்களே தவிர மாட்டச் சொல்லவில்லை.

இதைவிடக் கவனிக்கப்படாத விபரீதம் ஒன்று இருக்கிறது. பிள்ளை குப்புற விழுந்து மோவாய் தரையில் மோதுகிறது. தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த அடியின் வேகம் காதுக்கு முன்னாலுள்ள தாடை மூட்டில் இறங்கி அங்கே எலும்பு முறிந்திருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போகிறது. வாய் திறப்பது மெல்ல மெல்லக் குறைகிறது, அந்தப் பக்கத் தாடை வளராமல் நின்று முகமே கோணுகிறது. மோவாயில் தையல் விழுந்த குழந்தைக்கு வாய் முழுதாகத் திறக்கிறதா, பல் முன்போலவே பொருந்துகிறதா என்று அன்றே பார்ப்பதும், பிறகு சில மாதங்கள் தொடர்ந்து பார்ப்பதும் அவசியம்.

இதெல்லாம் அழகு சமாச்சாரம், அரசுப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது என்ற வாதத்தையும் கேட்கிறோம். கடிக்க முடியாததும், தூக்கத்தில் மூச்சுத் திணறுவதும் அழகில் சேராது. வளர்ந்தபின் எலும்பை வெட்டி நகர்த்தித் தகடு வைத்துப் பொருத்துவதும், அதற்கு முன்னும் பின்னும் கம்பி போடுவதுமாக ஆண்டுகள் ஓடும். செலவும் அந்த அளவுக்கே. 2013 முதல் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் குழுக்களின் பட்டியலில் பல் நோய்கள் ஏற்கெனவே உள்ளன. சொத்தைப்பல் பார்க்கும் அதே நிமிடத்தில் பிள்ளையைக் கடிக்கச் சொல்லிப் பார்க்க எக்ஸ்ரேயும் வேண்டாம், தனிக் கருவியும் வேண்டாம். இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும்.