மின்கம்பியில் இணையம் வேண்டுமா?

எங்கள் தாத்தாவின் வானொலிப் பெட்டியில் சிற்றலையைத் திருப்பினால் 'கொர்' என்ற இரைச்சல்தான் முதலில் வருகிறது. வீட்டு எல்.இ.டி. விளக்கை அணைத்தால் சற்றுக் குறைகிறது. ஒரு விளக்கே இந்தப் பாடு படுத்தினால், தெருக்கம்பி முழுவதும் இரைந்தால் என்ன ஆகும்?

கீழ்பென்னாத்தூரில் மின்கம்பம் இல்லாத தெரு ஏது? அந்தக் கம்பியிலேயே இணையத்தையும் அனுப்பலாம், வேறு கம்பி வேண்டாம் என்பது கேட்க இனிக்கிறது. ஆனால் அதற்குப் பயன்படுபவை பெரும்பாலும் 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள். சிற்றலை வானொலியின் இடமும் அதுவே. கேபிள் டி.வி. கம்பிக்கு இருப்பதுபோல் மின்கம்பிக்கு உலோக உறை கிடையாது. ஆகவே கம்பியே ஏரியலாகி அலைகளை வெளியே சிந்துகிறது. அமெரிக்காவின் மனாசஸ் நகரில் 2005-இல் இச்சேவை நகரெங்கும் வந்தது. ஹாம் வானொலிக்காரர்கள் முறையிட்டார்கள். வருமானமும் கட்டுப்படியாகாமல் 2010-இல் நிறுத்திவிட்டார்கள்.

"கிழட்டுப் பெட்டிக்காக இணையத்தை விடுவதா?" என்று எங்கள் வகுப்பிலேயே கேட்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியால் அந்தமானில் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அப்போது போர்ட் பிளேரில் ஹாம் வானொலியுடன் இருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, சிற்றலை வழியே செய்திகளை வெளியே அனுப்பினார். உறவினரைத் தேடித் தவித்தவர்களுக்கு அவர் குரல் எவ்வளவு பெரிது! கேட்பவர் தெருவில் கம்பி இரைந்திருந்தால் அது காதில் விழுந்திருக்குமா?

இணையம் எங்களுக்கும் வேண்டும், பாடத்துக்கு (சினிமாப் பாட்டுக்கும்தான், சிஸ்டர் மன்னிக்க!). அது கண்ணாடி இழையில் வரட்டும். இழைக்குள் ஓடுவது ஒளி. அது ஏரியலாகி வானொலியைக் கெடுப்பதில்லை.